கள்ளுண்ணாமையும் தன்குற்றங் காண்டலும்

திருக்குறளின் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை, குடியை இகழும் பகுதியாகவே பெரிதும் எடுத்தாளப்பட்டு வருகின்றது. 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு, மேடைகளில் இவ்வதிகாரம் பெற்ற இடம் பெரிது. எனினும் அங்கெல்லாம் அது குடியாதார்க்குக் குடிப்பாரைக் காட்டும் சுட்டுவிரலாகவே நின்றது. குடியினின்று மீள விழைவானுக்கு இவ்வதிகாரம் கூறுவது யாது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிமேலழகர் வைப்புமுறையில் இறுதி மூன்று குறள்களும் ஒருங்கு நோக்கத்தக்கன. மறைவாக உண்பவன் தான் உண்டறியாதவன் எனக் கூறிக்கொள்ளுதலை விடுக என்பது முதலாவது (928). ஒளித்த குற்றம் உண்ட பொழுதே வெளிப்படும் என்பது அதற்குக் காரணம். களித்தானைக் காரணங்காட்டித் தெளிவித்தல், நீருள் மூழ்கினவனை விளக்குக் கொண்டு தேடுதலோடு ஒக்கும் என்பது அடுத்தது (929). குடிப்பவன் தான் உண்ணாப் பொழுதிற் பிறனொருவன் களித்திருத்தலைக் காணுங்கால், தன் சோர்வும் இத்தன்மைத்து என எண்ணான் போலும் என்பது இறுதிக் குறள் (930). மறுத்தல், பிறர் அறிவுரை பயன்படாமை, தன்னைத் தான் காண்டல் என்னும் மூன்று நிலைகள் இவற்றுட் புலனாகின்றன. ஏனை உரையாசிரியர் குறள்வைப்பு எங்கும் இதனோடு ஒத்ததன்று. ஆதலின் இவ்வரிசையை வள்ளுவர்மேல் ஏற்றாது, பரிமேலழகர் கண்ட பொருட்டொடர்பாகக் கொள்ளுதலே முறை. குடியை ஒழித்தற்குரிய காரணம் இறுதிக் குறளிற் கூறப்பட்டதென அவர் வரைந்தது இக்கருத்துக்கு அரணாகும்.

இவ்விறுதிக் குறளின் ஆழத்தை, அண்மைக் கால நிகழ்ச்சியொன்று நன்கு விளக்குகின்றது. 1935 இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் இராபர்ட் சுமித் என்னும் குடிநோயர் இருவர் கூடி உரையாடியதினின்று ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டுறவு தோன்றிற்று. மருத்துவரும் சுற்றத்தாரும் காட்டிய காரணங்களால் தெளியாத ஒருவன், தன்னை ஒத்த மற்றொருவனிடத்துத் தன்னைக் கண்டு தெளிந்தான். 929 ஆம் குறள் அடைத்த வாயிலை 930 ஆம் குறள் திறப்பதனை இங்கே காணலாம்.

1939 இல் அவர்கள் வெளியிட்ட நூல், மீட்சிக்குரிய பன்னிரு படிகளுள் நான்காவதாகத் தன்னாய்வைக் கூறும். யார்மேற் செற்றம், அதன் காரணம் யாது, அது தன்னுள் எதனைத் தாக்கிற்று என நிரல்பட எழுதி, பின்னர்ப் பிறர் பிழையை ஒதுக்கித் தன் பங்கினை மட்டும் நோக்குதல் அதன் முறை. அச்சங்களும் அவ்வாறே எழுதப்படும். பிறர்குற்றம் போலத் தன்குற்றமுங் காண வல்லார்க்குத் தீங்கின்று என்னும் புறங்கூறாமைக் குறளும் (190), தன்குற்றம் நீக்கிய பின்னரே பிறர்குற்றங் காணுமாறு அரசனுக்குரைக்கும் குற்றங்கடிதற் குறளும் (436) இம்முறையின் அடிப்படையை நமக்கு உணர்த்துவன.

செற்றம் என்பது நெடிது நிலைத்து நிற்கும் சினம். சினத்தைப் பொருளாகக் கொண்டவன் கெடுதல், நிலத்தை அறைந்தவன் கை தப்பாது நோதல் போலும் என்கின்றார் வள்ளுவர் (307). பொருள் என்பதற்குக் குணம் எனப் பரிமேலழகர் உரை கொள்வர். தன் சினத்தைத் தனக்கொரு சிறப்பாக எண்ணிப் போற்றுதலே செற்றத்தின் உயிர்நிலை. குடிப்பவன் தனக்குப் பிறர் இழைத்த தீங்குகளை எண்ணி எண்ணிக் குடிப்பதற்குக் காரணம் தேடுவான். அறைந்த கையே நோகின்றது.

அச்சத்தின் இயல்பு வேறு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மிறை என அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு வகுக்கும், நான்கும் புறத்தன. அகத்தே எழும் அச்சங்களை நிரல்பட எழுதிய தமிழ்ப் பனுவல் வேண்டுமாயின், வள்ளலாரின் ஆறாந் திருமுறையிலுள்ள பிள்ளைப் பெருவிண்ணப்பத்தை நோக்குதல் வேண்டும். 133 பாடல்களாலாய அப்பகுதியிற் பிறர் முகவாட்டங் கண்டு அஞ்சியமை, பறவைகளின் குரல்கேட்டுக் கலங்கியமை, இனிய உணவு கொண்டபோதும் இதனால் என்ன துன்பம் வருமோ என நடுங்கியமை ஆகியவற்றை அடிகள் ஒளியாது உரைக்கின்றார். இஃது அருளாளர் ஒருவரின் விண்ணப்பம். குடிநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் சிறிய அச்சத்தையும் சிறிதென்று தள்ளாது பெயர்கூறி எழுதும் வாய்மையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

அச்சத்தை எழுதுதல் அதனை முற்றும் ஒழித்தற்கன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பர் வள்ளுவர் (428). மீண்டும் குடியில் வீழ்வோமோ என்னும் அச்சம் காக்கத்தக்கது. பிறர் முன் மதிப்பிழப்போமோ என்று உண்மையை மறைக்கச் செய்யும் அச்சம் தள்ளத்தக்கது. எழுதிப் பார்த்தாலன்றி இவ்விரண்டும் பிரிந்து தோன்றா.

குறளுக்கும் படிநெறிக்கும் உள்ள வேறுபாடும் மறைக்கத்தக்கதன்று. குறள் கூறும் காட்சி தனியொருவன் கருதலளவையாற் பெறுவது, கேட்பார் அங்கில்லை. அடிகளின் விண்ணப்பத்தைக் கேட்பவன் இறைவன். படிநெறியிலோ, எழுதியதனை இறைவனோடு மற்றொரு மாந்தனிடத்தும் உரைத்தல் ஐந்தாம் படி. தீங்குற்றார்க்கு ஈடுசெய்தல் ஒன்பதாம் படி. பின்னதே இன்றியமையாதது, குடியால் வருந்திய மனைவி மக்களுக்குக் கணவனின் தன்னாய்வு மட்டும் ஈடாகாதன்றோ?

சென்னை அடையாற்றை அடுத்த இந்திரா நகர் முதல் தெற்கே கேளம்பாக்கம் வரை விரிந்துள்ள புறநகரில் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டளவினதன்று. அவ்விந்திரா நகரில், 1980 இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை, குடிநோயர்க்கு மருத்துவத்தோடு உளத்துணையும், குடும்பத்தார்க்குத் தனிப் பயிற்சியும் அளித்து வருகின்றது. அத்தகைய இடத்தில் அமர்ந்திருப்பான் ஒருவன் கையில் கள்ளுண்ணாமையைக் கொடுப்போமாயின், முதற்குறளினின்று தொடங்கி இகழ்ச்சியை அடுக்குதல் பயன்தாராது. இறுதிக் குறளினின்று தொடங்குதலே தகும். இகழ்தற்கு எழுந்ததாகத் தோன்றும் அதிகாரம், மீட்சிக்குரிய வாயிலைத் தன் முடிவில் வைத்துள்ளது என்பது இதனாற் பெறப்படும்.