சூப்பர்ஜாப்புக்கு மட்டும் ஏன் பூட்டு?

ஐபிஎம் மெயின்ஃபிரேம் ஓடுகிற பல அலுவலகங்களில் 'ஏஎம்ஏஎஸ்பி-ஜாப்' என்று சொன்னாலே ஆடிட்டர் முகம் மாறும். பழைய ஆட்களுக்கு அது சூப்பர்ஜாப். கம்பைல் பண்ணின நிரலையோ டிஸ்க்கில் கிடக்கும் டேட்டாவையோ நேரடியாகப் பைட் பைட்டாகத் திருத்தும் யுடிலிட்டி.

பயம் நியாயமானதுதான். நிரலில் 4770 இருந்தால் 'சமமில்லை என்றால் அந்தப் பக்கம் தாவு' என்று பொருள். அதை 4700 ஆக்கினால் தாவலே கிடையாது. ஒரு பைட்டில் ஒரு சோதனையே காணாமல் போகும். சோர்ஸ் கோடில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. நல்ல எண்ணத்தோடு நடுராத்திரி செய்த திருத்தம் என்றாலும், அடுத்த கம்பைலில் அது போய், பழைய பிழை திரும்ப வந்து நிற்கும்.

ஆனால் தடை போடுகிற விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. 'வெர்' வரியில் நாம் கொடுத்த பைட்டுகள் அங்கே இல்லையென்றால் 'ரெப்' வேலையே செய்யாது. நிரலைத் திருத்தினால் மாட்யூலுக்குள்ளேயே தேதி பதிவாகும். (டேட்டாவுக்கு இந்தச் சலுகை இல்லை, அங்கே தடை சரிதான்.) முக்கியமான விஷயம்: லோட் லைப்ரரியில் எழுத அனுமதி இல்லாதவர் இதை வைத்து அங்கே ஒன்றும் பண்ண முடியாது. அனுமதி இருப்பவருக்கோ இது தேவையே இல்லை. வேறு இடத்தில் மாற்றின மாட்யூலை மேலே காப்பி பண்ணிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். லைப்ரரியை ஊருக்கே திறந்து வைத்துவிட்டு யுடிலிட்டியின் பெயரை மட்டும் தடைப் பட்டியலில் எழுதினால், ஆடிட் ஷீட்டில் ஒரு டிக் விழும், அவ்வளவுதான்.