ஒரே ஒரு சீசன்

2019 பிப்ரவரி 22 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் புரோ வாலிபால் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்றது. எதிரே ஆடிய காலிகட் ஹீரோஸ் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணி. இறுதியாட்டத்தில் அவர்களுக்கு ஒரு செட்கூடக் கிடைக்கவில்லை. 3-0. அந்த சீசனின் சிறந்த அணி எது என்ற கேள்விக்குக் கோப்பையைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியுமா?

ஆட்டவிதியைப் பார்த்தால் தயக்கம் வருகிறது. வழக்கமான வாலிபாலில் முதல் நான்கு செட்டும் 25 புள்ளி, ஐந்தாவதுதான் 15. இந்த லீக்கில் எல்லா செட்டுமே 15. நேரடி சர்வீஸ் புள்ளிக்கு இரண்டு, 'சூப்பர் பாயின்ட்' கேட்டு ஜெயித்தால் இரண்டு. டிவிக்கு இது வசதி, அரங்கில் கூச்சலுக்கும் குறைவிருக்காது. ஆனால் பலமான அணி தடுமாறி, நிதானித்து, மீண்டு வருவதற்கான இடம் சுருங்கிவிட்டது. அதற்காகச் சென்னையின் வெற்றியை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. குட்டை செட் ஒன்றை யாரும் தட்டிப் பறிக்கலாம். மூன்றை வரிசையாக எடுப்பது அப்படியல்ல. சென்னைக்காக ஆடிய கனடாவின் ரூடி வெர்ஹூஃப் ஓங்கி அடித்த பந்துகள் தற்செயலாக விழுந்தவை அல்ல. அந்த இரவில் சென்னை மேல், அந்த மூன்று வாரத்தில் காலிகட் மேல் என்பதே என் கணிப்பு. காலிகட் கேப்டன் ஜெரோம் வினித்தும் தமிழ்நாட்டுக்காரர்தான் என்பதால் இதை ஊர்ப்பாசம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நாள் வெற்றிக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூருக்குத் தெரியும். 1780-இல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையை அங்கே நொறுக்கினார்கள். 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தபோது இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தன.

லீக்கின் பெரிய குறை களத்துக்கு வெளியே இருந்தது. ஆறு அணிகள், 18 ஆட்டங்கள், எல்லாம் கொச்சியிலும் சென்னையிலும் மட்டும். மும்பை, அகமதாபாத், ஹைதராபாத் பெயரில் அணி இருந்தது. அந்த ஊர்களில் ஒரு ஆட்டம்கூட இல்லை. இதை நல்ல டோர்னமென்ட் என்பேன், லீக் என்று சொல்ல மாட்டேன். பிறகு வாலிபால் சம்மேளனமும் லீக்கை நடத்திய பேஸ்லைன் நிறுவனமும் முறித்துக்கொண்டன. இரண்டாவது சீசன் வரவேயில்லை. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக், கபடி சம்மேளனத்தோடு ஒத்துப்போய் ஆண்டுக்கணக்கில் நிலைத்ததைப் பக்கத்தில் வைத்தால், எது விட்டுப்போனது என்று தெரியும். 2022-இல் வாலிபால் சம்மேளனம் இல்லாமலே பிரைம் வாலிபால் லீக் வந்தது. அதில் சென்னையின் பெயர் பிளிட்ஸ். சாம்பியன் ஸ்பார்ட்டன்ஸ் காணாமல் போயிருந்தது.

இரண்டு கம்பமும் ஒரு வலையும் இருந்தால் நடக்கிற ஆட்டம் இது. உத்திரமேரூர்ப் பக்கம் நன்றாக ஸ்மாஷ் அடிக்கிற பையன் இன்னும் ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையைத்தான் குறிவைக்கிறான். 2019 சீசனை வைத்துப் பார்த்தால் அவன் கணக்கு சரி.