தந்தை செய்த பொம்மைகள்

“இதை ஒரு குழந்தையே வரைந்துவிடுமே!” நவீன ஓவியங்களின் முன் நின்று நம்மில் பலர் கூறும் சொல் இது. ஓவியர் பால் க்ளேயின் (1879-1940) படைப்புகளும் இந்த ஏளனத்துக்குத் தப்பவில்லை. 1937-இல் நாசி ஆட்சியினர் மியூனிக் நகரில் நடத்திய ‘இழிந்த கலை’க் கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் பழிப்புக்கென்றே வைக்கப்பட்டன.

க்ளேயோ குழந்தைமையை இழுக்காகக் கருதியவர் அல்லர். 1902-இல் பெற்றோர் இல்லத்தில் தம் சிறுவயதுச் சித்திரங்களைக் கண்டெடுத்து மகிழ்ந்தார். 1911-இல் தம் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, அவற்றுள் சிலவற்றை அதன் தொடக்கத்திலேயே சேர்த்தார்.

இதற்கிடையே, 1907-இல், அவர் தந்தையானார். மனைவி லிலி பியானோ கற்பித்துப் பொருளீட்ட, சமையலும் மகன் ஃபீலிக்ஸைப் பேணுதலும் க்ளேயின் பொறுப்பாயின. அடுக்களையே ஓவியக்கூடமுமாயிற்று.

1916-இல் மகனின் ஒன்பதாம் பிறந்தநாளுக்கு எட்டுக் கைப்பொம்மைகளைச் செய்தளித்தார். 1925 வரை அவர் செய்தவை ஏறத்தாழ ஐம்பது. மாட்டெலும்பு, தீப்பெட்டி, பழந்துணி என வீட்டில் எஞ்சியவையெல்லாம் முகமும் உடையுமாயின. முதற்பொம்மைகளுள் ஒன்று சாவின் உருவம். அதே ஆண்டில்தான் நண்பர் ஃபிரான்ஸ் மார்க் போர்க்களத்தில் மாண்டார். க்ளேயும் படையில் சேர்க்கப்பட்டார். தந்தையை அச்சுறுத்திய சாவு, மகனின் விரல்களில் ஆடும் விளையாட்டுப் பொருளாயிற்று. இதனினும் ஆழ்ந்த போர்க்காலப் படைப்பை நாம் எளிதில் காண முடியாது.

எனினும், இப்பொம்மைகளுள் ஒன்றையேனும் க்ளே தம் பட்டியலில் சேர்க்கவில்லை. தாம் குழந்தையாய் வரைந்ததைக் கலை என்று பதிந்தவர், தந்தையாய்ச் செய்ததை ஏன் விடுத்தார்? அவற்றைத் தாழ்வாக எண்ணினார் என்று சிலர் கொள்ளலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘பொம்மலாட்ட அரங்கு’ (1923) என்னும் ஓவியம் ஒன்றே, அவ்விளையாட்டு அவர் கலையினுள்ளும் புகுந்தமைக்குப் போதிய சான்று. பட்டியல் உலகிற்கு ஒப்படைத்தவற்றின் கணக்கு; பொம்மைகளோ ஒரு சிறுவனுக்குக் கொடுத்தவை. கொடுத்ததைத் தந்தை கணக்கெழுதுவதில்லை.

எஞ்சிய முப்பது பொம்மைகள் இன்று பெர்ன் நகரில், 2005-இல் திறக்கப்பட்ட பால் க்ளே மையத்தில் பேணப்படுகின்றன. காத்தமைக்கு நன்றி கூறுவோம். ஆயினும், கை நுழையாத கைப்பொம்மை பாதி உயிரே உடையது. மறுபாதி, நாடக இயக்குநராக வளர்ந்த அம்மகனின் வாழ்வில் அன்றோ நிறைவுற்றது!