சியன்னா நகர்க் கத்தரீன்: உள்ளறையும் தெருவும்

மத்திய காலப் புனிதர்களைப் பற்றிய பேச்சு எழும்போது, சீர்திருத்தத் திருச்சபைகளைச் சார்ந்த நாம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை நாடுகிறோம். புனிதர் வணக்கத்தை ஏற்கவில்லை என்று கூறி, அவர்தம் வாழ்வையும் நூல்களையும் படியாமலே ஒதுக்கிவிடுவது ஒன்று. அவர்களுக்குள் ஒரு லுத்தரைத் தேடிக் கண்டுபிடித்து, 'இவர் நம்மவரே' என்று உரிமை பாராட்டுவது மற்றொன்று. இரண்டுமே நேர்மையான வாசிப்பு ஆகா. சியன்னா நகர்க் கத்தரீனை இவ்விரு வழிகளையும் தவிர்த்து நோக்க முற்படுகிறோம்.

கத்தரீன் 1347ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுச் சியன்னாவில், சாயத் தொழில் செய்த ஒருவரின் பெரிய குடும்பத்தில் பிறந்தார். அடுத்த ஆண்டே கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. பெற்றோர் திருமணம் பேசியபோது தம் கூந்தலை வெட்டியெறிந்து மறுத்தார். ஆயினும் கன்னியர் மடத்தில் அவர் சேரவில்லை. தொமினிக்கின் துறவுச் சபையோடு இணைந்து, தத்தம் இல்லங்களிலேயே வாழ்ந்த தவப் பெண்டிர் குழுவில் சேர்ந்தார். தந்தையின் வீட்டுச் சிற்றறை ஒன்றில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் மௌனத்திலும் ஜெபத்திலும் கழித்தார். பின்னர் வெளியே வந்து நோயாளிகளுக்கும் வறியோருக்கும் ஊழியம் புரிந்தார். 1376இல் அவிஞோனுக்குச் சென்று, பதினோராம் கிரகோரி என்னும் போப்பை ரோமுக்குத் திரும்புமாறு நேரில் வேண்டினார். 1377 ஜனவரியில் போப்பு ரோமை அடைந்தார். மறு ஆண்டே மேற்குத் திருச்சபை இரு போப்புகளால் பிளவுண்டது. அத்துயரின் நடுவே, 1380 ஏப்ரல் 29ஆம் நாள், தமது 33ஆம் வயதில் கத்தரீன் ரோமில் மரித்தார். 1461இல் புனிதர் எனவும், 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் எனவும் அறிவிக்கப்பட்டார். பெண்களுள் இப்பட்டத்தை முதன்முதல் பெற்றவர்கள் அவிலா நகர்த் தெரேசாவும் இவருமே.

இவரை அறிய நமக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, இவருடைய பாவ அறிக்கையைக் கேட்ட குருவும் நண்பருமான கப்புவா நகர் ரேமண்டு 1395இல் முடித்த வரலாறு. மற்றது, கத்தரீன் தாமே சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய ஏறத்தாழ 380 கடிதங்களும், 'உரையாடல்' என்னும் நூலும், ஜெபங்கள் சிலவும். ரேமண்டின் நோக்கம் தம் தலைவியைப் புனிதராக நிலைநாட்டுவது. ஆகவே அவருடைய நூலில் அற்புதங்கள் மலிந்துள்ளன. கிறிஸ்துவோடு கத்தரீன் கொண்ட ஞான மணத்தை விவரிக்குமிடத்தில், முத்தும் வைரமும் பதித்த பொன் மோதிரம் ஒன்றை அவர் காட்டுகிறார். கத்தரீனின் கடிதங்களிலோ மோதிரம் பொன்னும் அன்று, வெள்ளியும் அன்று. விருத்தசேதனத்தின் போது வெட்டுண்ட கிறிஸ்துவின் மாம்சமே மோதிரம். அம்மணமும் தமக்கு மட்டும் கிட்டிய தனிச்சிறப்பு அன்று. மானிடர் அனைவரையும் மீட்பர் தம்மோடு பிணைத்துக்கொண்ட செயல் என்கிறார். வரலாற்றாசிரியர் ஒரு தனிப் பெண்ணின் பெருமையை எழுதினார். அப்பெண்ணோ மனுவுருவேற்பின் கிருபையைச் சொன்னாள். இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதே நமது திறனாய்வின் முதற்படி.

கத்தரீனின் போதனையில் அடிப்படையானது 'தன்னை அறியும் உள்ளறை' என்னும் கருத்து. சிற்றறையை விட்டுத் தெருவிற்கு வந்த பின்னும் தம்மோடு கொண்டு செல்லத்தக்க ஓர் அறையை உள்ளத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். அங்கே மனிதன் தன் இன்மையையும், தன்னிடத்தில் கடவுள் காட்டிய நன்மையையும் ஒருங்கே அறிகிறான். ஆனால் அவ்வறிவு அங்கேயே தங்குவதில்லை. கடவுள் நம்மில் அன்புகூர்ந்தது கைம்மாறு கருதியன்று. அத்தகைய அன்பை நாம் அவருக்குத் திருப்பிச் செலுத்த இயலாது. ஆகவே அதைச் செலுத்துதற்கென்றே பிறனை நம் அருகே வைத்தார் என்று 'உரையாடல்' போதிக்கிறது. இது வெறும் எழுத்தன்று. மரண தண்டனை பெற்ற இளைஞன் ஒருவன் மனக்கசப்போடு சிறையில் கிடந்தபோது, கத்தரீன் அவனைச் சந்தித்துத் தேற்றினார். கொலைக்களத்தில் அவனுக்கு முன்னரே சென்று காத்திருந்தார். வெட்டுண்ட தலையைத் தம் கைகளில் ஏந்தினார். அதைத் தாமே ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். உள்ளறையின் கதவு தெருவை நோக்கித் திறப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1520இல் கிறிஸ்தவனின் சுயாதீனம் பற்றி லுத்தர் எழுதியபோது, விசுவாசத்தால் கிறிஸ்துவிலும் அன்பினால் பிறனிலும் வாழ்பவனே கிறிஸ்தவன் என்று காட்டினார். இரு குரல்களுக்கும் உள்ள நெருக்கம் வெளிப்படை. எனினும் கத்தரீனைச் சீர்திருத்தத்தின் முன்னோடி ஆக்குதல் தகாது. குருக்களின் பேராசையையும் ஒழுக்கக்கேட்டையும் அவரைப்போல் கடிந்தவர் சிலரே. போப்பை 'அப்பா' என்று குழந்தைபோல் அழைத்துக்கொண்டே, திருச்சபையின் தோட்டத்திலுள்ள நாறும் மலர்களைப் பிடுங்கியெறியுமாறு கட்டளைபோல் எழுதினார். ஆயினும் போப்பின் அதிகாரத்தையே திருமறையின் முன் நிறுத்தி வினவ அவர் துணியவில்லை. ஊழியன் தீயவனாயினும் அவனை எதிர்ப்பது கிறிஸ்துவையே எதிர்ப்பதாகும் என்றே கருதினார். அங்கே நாம் அவரோடு உடன்பட இயலாது.

வேறு குறைகளையும் மறைக்கலாகாது. இஸ்லாமியருக்கு எதிரான சிலுவைப் போருக்கு அரசர்களைத் தூண்டி எழுதியது, அவருடைய அன்பின் எல்லையை நமக்குக் காட்டுகிறது. உணவொறுத்தல் இன்னும் வேதனை தருவது. தவம் ஒரு கருவியே, இலக்கன்று எனப் பிறருக்குத் தெளிவாகப் போதித்தவர், தாம் உண்ண இயலாத நிலையை அடைந்தார். இது குறித்துத் தம்மைக் கண்டித்த ஒருவருக்கு, மற்றவர்களைப்போல் உண்ணும் வரத்தைக் கடவுளிடம் கேட்டு வருவதாகப் பணிவுடன் எழுதினார். அவரைப் புகழ்ந்தோர் இதனையும் அற்புதம் என்றனர். நாமோ இதில் ஒரு சகோதரியின் துன்பத்தைக் காண்கிறோம். அவருடைய போதனையைக் கொண்டே அவருடைய தவத்தைத் தீர்ப்பிடுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு அன்று. அவருடைய சொல்லை மெய்யாக ஏற்பதே ஆகும்.

அங்ஙனமாயின் அவர் நமக்கு விட்டுச்சென்றது யாது? தனியறைப் பக்தியையும் சமுதாயத் தொண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு சாரார் முன்னதையும் மறு சாரார் பின்னதையும் தமதாக்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஜெபிப்போர் ஊழியரை உலகத்தார் என்கின்றனர்; ஊழியர் ஜெபிப்போரைக் கோழைகள் என்கின்றனர். சாயக்காரரின் மகளாகிய கத்தரீனிடத்தில் இவ்வழக்கு எழவில்லை. தன் இன்மையை அறிந்தவளாதலால் பிறனிடத்தில் கடன்பட்டவளாகச் சென்றாள். கடன்பட்டவளாகச் சென்றதனால் போப்பின் முன்னும் கொலைக்களத்திலும் அஞ்சாது நின்றாள். புனிதர் என வணங்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. சக பாவியாகவும் சக சாட்சியாகவும் அவரிடம் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கோ நமக்கு நியாயம் இல்லை.