அழுகைக்குள் இருந்த நிம்மதி

எலெனா ஃபெரான்டேயின் ‘மை பிரில்லியன்ட் ஃபிரெண்ட்’ நாவலை, பெண்களின் நட்பைக் கொண்டாடும் கதை என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். நூறு பக்கம் தாண்டுவதற்குள் ‘கொண்டாட்டம்’ என்ற சொல் கசந்துவிட்டது. 2011இல் இத்தாலிய மொழியில் வந்த நாவல்; நான் படித்தது ஆன் கோல்ட்ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1950களின் நேப்பிள்ஸில் ஓர் ஏழைக் குடியிருப்பு. லீலா செருப்புத் தைப்பவரின் மகள், கதைசொல்லி லெனு நகராட்சிக் கடைநிலை ஊழியரின் மகள். (முன்பக்கத்துப் பெயர்ப் பட்டியலில் ஒரு விரலை வைத்துக்கொண்டேதான் படிக்க வேண்டியிருக்கிறது.)

நட்பு தொடங்குவதே கொடுமையில். லெனுவின் பொம்மையை லீலா நிலவறைக்குள் தள்ளுகிறாள். லெனுவும் பதிலுக்கு அவள் பொம்மையைத் தள்ளுகிறாள்.

என்னைத் தூங்கவிடாதது கடல் பார்க்கப் போகும் பகுதி. இருவரும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நடக்கிறார்கள். யோசனை லீலாவுடையது, பாதி வழியில் திரும்பிப் போவோம் என்பவளும் அவளே. லெனுவுக்கு வீட்டில் அடி விழுகிறது. மறுநாள் காயங்களைப் பார்த்த லீலா கேட்பது, அடித்தது மட்டும்தானா, இன்னும் உன்னைப் படிக்க அனுப்புகிறார்களா என்று. லீலாவுக்கோ மேற்படிப்பு இல்லை. அடம்பிடித்தவளை அப்பா ஜன்னல் வழியே தூக்கி எறிகிறார், கை முறிகிறது. அப்படியானால் தோழியின் படிப்பையும் கெடுக்கத்தான் அழைத்துப் போனாளா? மனம் கேட்காமல்தான் திரும்பினாளா? நாவல் சொல்வதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வகுப்பே அழுதது, நானும் அழுதேன். இனி முதல் ரேங்க் எனக்குத்தான் என்ற நிம்மதியும் அந்த அழுகைக்குள் இருந்தது. அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை. பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று இதைச் சுருக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருத்திக்கு மட்டும் படிக்க இடம் விட்டு மற்றவளை வீட்டில் உட்கார வைத்தது நாங்கள் இல்லையே. ஆனால் அந்த நிம்மதி என்னுடையதுதான். ஃபெரான்டே இரண்டையும் விடுவதில்லை.

இஸ்கியா தீவில் பதினைந்தாவது பிறந்தநாள் இரவு லெனுவிடம் ஒரு குடும்பஸ்தர் அத்துமீறுகிறார். ஊர் திரும்பியும் லீலாவிடம் வாய் திறப்பதில்லை. எல்லாம் சொல்லிக்கொள்ளும் தோழிகள் என்று நாம் எழுதிவைத்திருக்கும் கதைகளில் இந்த மௌனத்துக்கு இடமே கிடையாது. சொலாரா சகோதரர்கள் எனக்குச் சினிமா வில்லன்களாகத்தான் தெரிந்தார்கள். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். இந்த மௌனத்தை அப்படிப் புரட்ட முடியவில்லை.

பதினாறு வயதில் லீலாவுக்குக் கல்யாணம். அன்று அவளைக் குளிப்பாட்டுகிறவள் லெனு. என்ன ஆனாலும் படிப்பை நிறுத்தாதே என்கிறாள் லீலா. என் அறிவாளித் தோழி நீதான் என்கிறாள். தலைப்பு லீலாவைக் குறிப்பது என்றே அதுவரை நினைத்திருந்தேன். என் தோழியும் போகும்போது தன் இயற்பியல் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பொதுத் தேர்வுக்கு அதை வைத்துத்தான் படித்தேன்.