காரைக்கால் அம்மையார் புராணத்தில் குழந்தை: வண்டலும் பெயரும்

ஆய்வுச் சுருக்கம்

சேக்கிழாரின் காரைக்கால் அம்மையார் புராணத்தில் குழந்தைமை இரு இடங்களில் இடம்பெறுகிறது. ஒன்று, புனிதவதியாரின் பிள்ளைப்பருவம். மற்றொன்று, பரமதத்தன் தன் மகளுக்குப் புனிதவதியாரின் பெயரை இடுதல். இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கும்போது, குழந்தை வளர்ப்பின் சிறு நிகழ்வுகளே இப்புராணத்தின் கட்டமைப்பைத் தாங்குகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காரைக்கால் அம்மையார், பெரியபுராணம், மழலை, வண்டல், பெயரிடல், மாங்கனித் திருவிழா.

முன்னுரை

அம்மையார் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மாங்கனி, பேய் வடிவம், திருவாலங்காட்டு ஆடல் ஆகிய மூன்றையே மையமாகக் கொள்கின்றன. இல்லறத்தைத் துறந்த பெண் என்னும் பார்வை வலுப்பெற்றதால், அந்த இல்லத்தில் வளர்ந்த குழந்தை கவனம் பெறவில்லை. ஆயின் புராணம் ஒரு குழந்தையோடு தொடங்குகிறது. அதன் திருப்பமும் ஒரு குழந்தையின் வருகையால் நிகழ்கிறது. இரு குழந்தைகளுக்கும் ஒரே பெயர். இதனைத் தற்செயல் எனக் கொள்ள இயலாது.

மொழி பயிலும் குழந்தை

அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி, பிறந்து மொழி பயின்ற காலத்தை நினைவுகூர்ந்தே தொடங்குகிறது. பேசக் கற்ற நாள் முதலாகவே இறைவன்பால் காதல் மிகுந்ததாகக் கூறும் அப்பாடல், தம் துன்பத்தை அவன் எந்நாள் தீர்ப்பான் என்னும் வினாவில் முடிகிறது. அம்மையாரின் பாடல்களில் தந்தை தனதத்தனோ, கணவனோ, மாங்கனியோ இடம்பெறவில்லை. குழந்தைப்பருவம் மட்டும் ஒரு தொடர் அளவில் இடம்பெறுகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அத்தொடரை ஒரு வீடாக விரித்தார் எனலாம். வணிகர் தலைவன் மனையில் பிறப்பு கொண்டாடப்படுகிறது, குழந்தை தளர்நடை பயில்கிறது, சொல் பயில்கிறது, தாதியர் போற்றி மகிழ்கின்றனர். மூலத்தில் துன்பத்தோடு இணைந்திருந்த மழலை, புராணத்தில் பெற்றோர் இன்பத்தோடு இணைகிறது. மழலையைப் பெற்றோர் செவிக்குரிய இன்பமாகக் கண்ட வள்ளுவரின் மரபும், உணவை மேலெல்லாம் சிதறும் குறுநடைப் புதல்வனைப் பாடிய பாண்டியன் அறிவுடைநம்பியின் மரபும் சேக்கிழாருக்குப் பின்புலமாக அமைகின்றன. அம்மையாரின் வினா மட்டும் இவ்விடத்தில் ஒலிக்கவில்லை. அதனைச் சேக்கிழார் புராணத்தின் பிற்பகுதிக்கு ஒத்திவைக்கிறார் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வண்டலும் சிற்றிலும்

இப்பகுதி வெறும் மரபுவழி வருணனை என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பை எதிர்கொள்ள, சேக்கிழாரோடு இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவராகக் கருதப்படும் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழை ஒப்பிடலாம். பிள்ளைத்தமிழ் மரபு குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், சிறுமியர் தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனை வேண்டுகின்றனர். அங்கே வீடு கட்டியவர்க்குப் பெயரில்லை, சிதைப்பவனே தலைவன்.

சேக்கிழாரோ கட்டுபவளின் பக்கத்தில் நிற்கிறார். புனிதவதியார் வண்டல் ஆடுகிறார். விளையாட்டுப் பேச்சிடையே பிறைசூடியின் புகழ் கலந்து வருகிறது. அடியார் வந்தால் தொழுகிறார். கடற்கரை மணலில் வண்டலிழைத்தல் சங்க அகப்பாடல்களின் நெய்தற் காட்சிகளில் பயில்வது. துறைமுக ஊராகிய காரைக்காலின் சிறுமிக்கு அவ்விளையாட்டு இயல்பாகப் பொருந்துகிறது. வண்டல் என்பது இல்லறத்தின் ஒத்திகை. அடியாரைத் தொழுத அச்சிறுமியே பின்னர்த் தன் இல்லத்தில், கறியமுது ஆகாத வேளையில், பசித்து வந்த அடியாருக்குக் கணவன் அனுப்பிய கனிகளுள் ஒன்றைப் படைக்கிறாள். மாங்கனி நிகழ்ச்சியின் வித்து வண்டலிலேயே இடப்பட்டுள்ளது. ஆகவே இப்பகுதியை வெறும் அணி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

பெயரிடல்

இறையருளால் கிடைத்த கனியைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், கப்பலேறிச் சென்று பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் புரிகிறான். பிறந்த மகளுக்குத் தான் நீங்கிவந்த மனைவியின் பெயரை இடுகிறான். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது தமிழ்க் குடும்ப வழக்கு. அவ்வழக்கு இங்கு விபரீதமாகிறது. உயிரோடு வாழும் மனைவியின் பெயரைத் தெய்வப் பெயராகக் கொண்டதால், அவளோடு மீண்டும் வாழும் வாயிலை அவன் அடைத்துவிடுகிறான்.

சுற்றத்தார் புனிதவதியாரைச் சிவிகையில் அழைத்துவரும்போது, அவன் இரண்டாம் மனைவியோடும் தளர்நடை மகளோடும் வந்து அடியில் வீழ்கிறான். புராணத்தின் தொடக்கத்தில் புனிதவதியார் பயின்ற தளர்நடையை, இங்கே அவர் பெயர் தாங்கிய குழந்தை பயில்கிறது. அவன் கூறும் சான்றுகளுள் குழந்தையின் பெயரும் ஒன்று. ஒரு தந்தையின் நன்றி, ஒரு மனைவியின் இல்வாழ்வை முடித்துவைக்கிறது. கணவனுக்காகத் தாங்கிய அழகை உதறிப் பேய் வடிவம் வேண்டுவது இதற்கு அடுத்த நிகழ்வே. ஒத்திவைக்கப்பட்ட துன்ப வினா இங்குதான் திரும்பி வருகிறது.

அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறிக்கிறார். புனிதவதி என்னும் பெயர் அவற்றில் இல்லை. புராணத்தின் தருக்கப்படி அப்பெயர் குழந்தையிடம் சென்று தங்கிவிட்டது எனலாம். அக்குழந்தை பேசவில்லை, அதன் பிற்கால வாழ்வைச் சேக்கிழார் சொல்லவுமில்லை. இம்மௌனம் ஆய்வாளர் கவனத்துக்கு உரியது.

அம்மை என்னும் விளி

கயிலையில் தலையால் நடந்து வருபவரை இறைவன் ‘அம்மையே’ என விளிக்கிறான். அவர் ‘அப்பா’ என்கிறார். பிள்ளை பெறாதவர் தாயாகிறார். தாய் தந்தையற்ற இறைவன் மகவாகிறான். உமைக்கு விடையிறுக்கும்போது இறைவன் வாயிலாகச் சேக்கிழார் ஆளும் வினை ‘பேணுதல்’. குழந்தையை ஊட்டி வளர்க்கும் செயலைக் குறிக்கவும் நாம் ஆளும் சொல் அது. பெயரை இழந்தவருக்கு உறவுச்சொல் ஒன்று பெயராகிறது.

முடிவுரை

இன்றைய புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், ஆனி முழுநிலவை ஒட்டி மாங்கனித் திருவிழா நிகழ்கிறது. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்படுகின்றன. அக்கனியைப் பெற்று உண்டால் மகப்பேறு வாய்க்கும் என்பது மக்கள் நம்பிக்கை. பிள்ளை வேண்டி ஏந்தும் கைகளும், பிள்ளை பெற்றதற்கு நன்றியாக வீசும் கைகளும் அங்குக் கூடுகின்றன. புராணத்தில் ஒரு குடும்பத்தைப் பிரித்த கனி, வீதியில் குடும்பத்தை வேண்டும் கனியாகிறது. இதனை மூலத்துக்கு முரணான நாட்டார் நம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆயின் தளர்நடை, வண்டல், அமுது படைத்தல், பெயரிடல் என்னும் வீட்டுச் செயல்களால் சேக்கிழார் கட்டிய புராணத்தை ஊரார் சரியாகவே வாசித்துள்ளனர் என்பது இக்கட்டுரையின் துணிபு. அம்மையாரைத் துறவின் வழி மட்டும் நோக்கும் ஆய்வு, அவ்வீதியில் ஏந்திய கைகளுக்கு விடை கூற இயலாது.