நேரப் பலகையில் இல்லாத எண்ணிக்கை

குடும்பத்தோடு தங்கும் விடுதிகளில் பிள்ளைகளுக்கென்று தனி அறை ஒதுக்கி, ஆள் வைத்து, குறிப்பிட்ட நேரம் பார்த்துக்கொள்ளும் வழக்கம் கடற்கரையில் வளர்ந்தது. பிரான்சின் கிளப் மெட் நிறுவனம் 1967-இல் மொராக்கோவின் அகாதிரில் தன் முதல் 'மினி கிளப்'பைத் திறந்தது. இன்று அந்த ஏற்பாடு மலையேறி, இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை வட்டத்தின் சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் வரை வந்துவிட்டது. அறை பதிவு செய்யும்போதே "கிட்ஸ் கிளப் இருக்கா? எத்தனை மணி வரைக்கும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நம் வீடுகளில் சுற்றுலா என்பது பெரும்பாலும் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும்தான் விடுமுறை. அம்மாவுக்கோ, சோறூட்டுவதும் துணி மாற்றுவதும் சண்டை விலக்குவதும் இடம் மாறி நடக்கின்றன, அவ்வளவே. அவளுக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு தரும் எந்த ஏற்பாட்டையும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்கும் இதில் லாபம் உண்டு. அத்தை, சித்தப்பா பிள்ளைகளோடு கூடி விளையாடும் வாய்ப்பு அருகிவிட்ட காலத்தில், மதுரைப் பிள்ளையும் கொச்சிப் பிள்ளையும் ஒரே கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாதி தமிழும் பாதி மலையாளமுமாக ஆட்ட விதியைப் பற்றி வாதாடுவது நல்ல விஷயம். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும்போது அந்த அறை இல்லாவிட்டால் மிஞ்சுவது கைபேசிதான்.

குறை எங்கே இருக்கிறது? முதலாவது, நேரத்தில். கடற்கரையில் பிள்ளைகள் காலையும் மாலையும் மணலில் இருப்பார்கள். உச்சி வெயிலில்தான் கூரை தேவைப்படும். மலையில் இது தலைகீழ். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஜீப்புகள் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடும். திரும்பி வந்து பசியாறியதும் ஆனையிறங்கல் அணை, சதுரங்கப்பாறை, ராமக்கல்மேடு என்று மறுபடி பயணம். பகலெல்லாம் வெளியில்தான். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கி, மழை தூறி, இருட்டியதும் எல்லாக் குடும்பங்களும் ஒருசேர விடுதிக்குத் திரும்புகின்றன. பகலில் திறந்து வைக்கிற கிளப்பில் ஆள் இருக்காது. மாலையில் அதே அறையில் கால் வைக்க இடம் இருக்காது. கடற்கரைக்கு வகுத்த அட்டவணையை மலைக்கு அப்படியே கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. அறை வாசலில் திறக்கும் நேரம், மூடும் நேரம், வயது வரம்பு எல்லாம் எழுதியிருக்கும். ஒரு பணியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது மட்டும் இருக்காது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு மாலையை எண்ணிப் பாருங்கள். பதிவேட்டில் அறை எண்ணும் பெயரும் எழுத வரிசை. உள்ளே நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு சிறுமிக்குக் கழிவறை போக வேண்டும். ஒருவர் அவளை அழைத்துப் போகிறார். அந்த ஐந்து நிமிடம் மீதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒற்றை ஆளின் கண்காணிப்பில். அதே நேரம் வாசலில் ஒரு தந்தை பிள்ளையை அழைத்துப் போக வந்து நின்றால், அவர் யாரென்று சரிபார்ப்பதும் அந்த ஒருவர்தான். அங்கே விபத்து நடக்காததற்குக் காரணம் ஏற்பாடு அன்று, அந்தப் பெண்ணின் விழிப்பு.

இங்கிலாந்தில் பதிவு பெற்ற மழலையர் காப்பகங்களில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூவருக்கு ஒருவர், இரண்டு வயதுப் பிள்ளைகள் ஐவருக்கு ஒருவர் என்று விதி இருக்கிறது. நம் நாட்டிலும் எண்ணுவது புதிதன்று. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. இதே உடும்பஞ்சோலை வட்டத்தில், சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் 2022 அக்டோபரில் நீலக்குறிஞ்சி பூத்தபோது திரண்ட கூட்டம், எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது: செடிகள் மிதிபட்டன, குன்றில் பிளாஸ்டிக் குவிந்தது. சாலைக்கும் பூவுக்கும் தேவைப்படுகிற கணக்கு, பிள்ளைகள் இருக்கும் அறைக்கு வேண்டாமா?

மூன்றாவது குறை அந்த அறைக்கு வெளியே இருக்கிறது. விருந்தினர் பிள்ளையை இரவு வரை பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் பிள்ளை இருக்கலாம். அங்கன்வாடி பிற்பகலிலேயே மூடிவிடும். அதன்பின் அந்தப் பிள்ளை யாரிடம்? சுற்றிலும் உள்ள ஏலத்தோட்டங்களிலும் இதே கேள்விதான். போடி, கம்பம், தேவாரம் பக்கமிருந்து விடியற்காலையிலேயே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்கள், பிள்ளை கண்விழிக்கும் முன்பே பாட்டியிடம் விட்டுக் கிளம்புகிறார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது; ஏலமும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் சிறு தோட்டங்கள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதில்லை. மலைக்கு மேலே காப்பகம் இருந்தாலும், கீழே ஊரில் தூங்கும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

எனவே கிட்ஸ் கிளப்பை மூடச் சொல்வது தீர்வாகாது. அதை ஒழுங்காக நடத்தக் கேட்பதே தேவை. மாலை நேரத்தை இரண்டு சுற்றாகப் பிரித்து முன்பதிவு வைக்கலாம். சிறியவர்களையும் பெரியவர்களையும் தனித்தனியே விளையாட விடலாம். பண்டிகை வாரத்தில் அறை வாடகையை உயர்த்தும் விடுதி, அதே வாரத்தில் பணியாளர் எண்ணிக்கையையும் உயர்த்த வேண்டும். அந்தப் பணியாளரின் பிள்ளைக்கும் பணி முடியும் வரை ஓர் இடம் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோரின் கேள்வி மாறினாலே பாதி நடந்துவிடும். "எத்தனை மணி வரைக்கும்?" என்பதோடு, "இந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத விடுதியில் பிள்ளையை விடாதீர்கள்.